கிளைக்கு ஒரு செய்தி

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

என்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தாய். படிக்க மாட்டேன் என்று நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்டாம்ப் ஒட்டியே அனுப்புகிறேன். கதவிடுக்கில் செருகினால் கிழித்துப் போடுவாய். முத்திரை குத்திய கவரைக் கிழிக்க உனக்குக் கை வராது, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பழக்கம். தபால்காரர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சுவரைத் தாண்ட வேண்டிய கவரும்மா இது, ஊரெல்லாம் சுத்திட்டு வருது" என்றார். "சுவரு உசரம் அப்படி" என்றேன்.

விஷயம் உன் மரம். அப்பாவின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டபோது ஆளுக்குப் பாதிக் கொல்லைதான் கிடைத்தது. அந்தப் பாதியில் போய்த் தூங்குமூஞ்சி மரம் வைப்பார்களா? அது சாலையோரத்துக்கும் மைதானத்துக்கும் உள்ள மரம். வைத்த நாலாம் வருஷமே குடை விரித்து என் பக்கத்தைப் பாதி மூடிவிட்டது. பிசுபிசுவென்று காய் கொட்டுகிறது. வேர் என் கழிவுநீர்க் குழாயைத் தேடிக்கொண்டு வருகிறது.

என் பிழைப்பு அடீனியம் என்பது உனக்குத் தெரியும். அடிக்கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு தொட்டி மண்ணுக்குள் அடங்கி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பூக்கிற செடி. அது கேட்பது ஒன்றே ஒன்று, வெயில். காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை முழு வெயில். கொல்லையை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. மேலே இருப்பது தகரக் கூரை.

கிழக்குப் பக்கக் கிளைகளையாவது கழித்துவிடு. பூவும் நிழலும் வேண்டுமென்றால் நான் நல்ல ஒட்டுச் செடி நாலு தருகிறேன், உன் மாடிப்படி ஓரம் வைத்துக்கொள். சின்னக் கொல்லைக்கு அதுதான் சரி. ஆள் வைத்து நானே வெட்டலாம். ஆனால் "மரம் அந்தம்மாவுதாச்சே, அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று மரம் வெட்டுகிறவர்கள் உனக்குப் பயப்படுகிறார்கள்.

ஒரு வார்த்தை சொல்.

தங்கை


ஆகஸ்ட் 14

அடுத்த வீட்டுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. சொல்ல மாட்டேன்.

மரத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். நான் தெரியாமல் வைத்தேன் என்றா நினைத்தாய்? கன்று வாங்கப் போன இடத்தில் அந்த ஆளே சொன்னார்: "இது வீட்டுக்கு வேணாம்மா, பார்க்குக்கு வைக்கிறது."

"நிழல் எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டேன்.

"உங்க வீடு, பக்கத்து வீடு, ரெண்டையும் சேர்த்து மூடிரும்."

"அப்ப இதையே குடுங்க" என்றேன்.

எங்கே நட்டேன் என்று பார்த்தாயா? என் மகள் உன் ஏணியில் கால் வைத்து இறங்கிய இடத்துக்கு நேர் கீழே. அவளை அறையில் பூட்டி வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் பூட்டவில்லை. வெளித்தாழ்ப்பாள் போட்டேன், அவ்வளவுதான். ஒரு வாரம் போயிருந்தால் அந்த லிஃப்ட் மெக்கானிக்கை மறந்திருப்பாள். நான் டியூட்டியிலிருந்து வந்து தாழ்ப்பாளைத் திறக்கிறேன், சன்னல் திறந்து கிடக்கிறது, கட்டிலில் போர்வையை மடித்து வைத்திருக்கிறாள். மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்! எட்டிப் பார்த்தால் சுவரில் ஏணி. கீழே நீ மண் கலந்துகொண்டு நிற்கிறாய். "வாலு எங்கேடி?" என்று கேட்டேன். "சந்தோஷமா இருக்கா" என்றாய். நான் கேட்டது எங்கே என்று.

அவளுக்கு இரண்டு வயதில் அவள் அப்பா போனார். இரவும் பகலும் கண் வார்டில் நின்று வளர்த்தேன். நீ அவளுக்குச் சடை பின்னினாய், கதை சொன்னாய், கடைசியில் ஏணி வைத்தாய். கல்யாணமும் ஆகாமல் பிள்ளையும் பெறாமல் ஒரு மகள் வந்துவிட்டாள் உனக்கு. பெத்த மனம் பித்து என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும்.

நீ என் மகளை எடுத்துக்கொண்டாய். நான் உன் வெயிலை எடுத்துக்கொள்கிறேன்.

உன் தொப்பை வைத்த செடிகள் நாலும் உன்னிடமே இருக்கட்டும்.

அக்கா


நவம்பர் 2

அக்காவுக்கு,

மழை விட்டதும் எழுத உட்கார்ந்தேன். உன் மரத்தைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். உன்னைப் போலவே இருக்கிறது. வெயில் அடித்தால் இலையை விரித்துப் பிடிக்கிறது; மழை மூட்டம் போட்டால் இலையை மடித்துக்கொண்டு தூங்குகிறது, தண்ணீர் மொத்தமும் என் தொட்டிகளில் விழுகிறது. வேண்டியதைத் தடுத்து, வேண்டாததைத் தாராளமாகத் தரும் ஒரு மரம். உலகத்திலுள்ள மரங்களில் அடீனியத்துக்கு என்றே பார்த்து எடுத்திருக்கிறாய்.

கிழங்குகள் அழுகுகின்றன. வெளியே பார்த்தால் தெரியாது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. பதினைந்து வருஷம் வளர்த்த தாய்ச்செடியைக் கத்தியால் கீறிப் பார்த்தேன், நடுவரை பழுப்பு. அதிலிருந்துதான் என் சிவப்பு ஒட்டு முழுவதும் வந்தது. தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். அழவில்லை. கணக்கு வைத்துக்கொண்டேன்.

இனிமேல் நான் கெஞ்சப் போவதில்லை. உன்னிடம் வெயில் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது என்று நீ யோசித்தே பார்க்கவில்லை, இல்லையா?

வாலுவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

ஆணா பெண்ணா, எங்கே, எப்படி, யார் ஜாடை, எல்லாம் எனக்குத் தெரியும். கிழக்கே நீண்டிருக்கும் கிளையை இறக்கு. முதல் கேள்விக்குப் பதில் வரும்.

தங்கை


நவம்பர் 5

கிளையை இறக்கியாயிற்று. காலையிலேயே ஆள் வந்தது. சத்தம் உனக்கே கேட்டிருக்கும்.

சொல்.

சுகப் பிரசவமா, ஆபரேஷனா? அவளுக்குச் சின்ன வயதிலேயே இரத்தம் குறைவு, அதை டாக்டரிடம் சொன்னார்களா? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

நீ இருந்தாயா?


நவம்பர் 8

அக்காவுக்கு,

பெண்.

ஒரு கிளைக்கு ஒரு பதில்தான். ஆனாலும் கடைசிக் கேள்விக்குச் சும்மாவே பதில் தருகிறேன், ஏனென்றால் அதை எழுத எனக்குப் பிடித்திருக்கிறது. ஆமாம், நான்தான் இருந்தேன். செவிலி வெளியே வந்து "அம்மா யாரு?" என்று கேட்டாள். நான் எழுந்து போனேன்.

இப்போது என் தென்கிழக்கு மூலைக்கு எட்டு மணி வரைக்கும் வெயில் வருகிறது. நோஞ்சான் கன்றுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். மிச்சமெல்லாம் இன்னும் நிழலில்தான். சுவருக்கு மேலே இரட்டையாகப் பிரிகிறதே, அந்தக் கவட்டையில் என் பக்கம் வருவதை இறக்கினால் குழந்தையின் போட்டோ ஒன்று வரும்.

தங்கை


டிசம்பர் 1

என் வயிற்றில் பிறந்தவளின் பிள்ளையை நான் கிளை கிளையாக வாங்கவேண்டியிருக்கிறது. கறிக்கடையில்கூட இப்படி வெட்டிப் பார்த்து நிறுக்க மாட்டார்கள்.

நானாகக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் ஊரிலுள்ள பிரசவ வார்டு எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை. லிஃப்ட் கம்பெனிக்கும் போனேன். "அவரு மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாரும்மா, எங்கேன்னு சொல்லக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு" என்றான் அங்கே உட்கார்ந்திருந்தவன். என்னிடம் சொல்லக்கூடாது என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்கு நான் என்ன பேயா?

கவட்டைக் கிளையும் போயிற்று. மரம் இப்போது ஒரு பக்கம் வழித்தெடுத்த தலை மாதிரி இருக்கிறது.

போட்டோ வந்தது. போர்வையும் ஒரு கையும்தான் தெரிகிறது. வேண்டுமென்றே அப்படி ஒன்றைப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறாய். இருக்கட்டும். விரல் நீளம் எங்கள் வீட்டு விரல்தான்.

நான் குழந்தையைப் பார்க்கவேண்டும். அதற்கு என்ன விலை? சொல்.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவேண்டாம், வேண்டுமென்றேதான் தாமதித்தேன். உன் கேள்விக்குப் பதில் எழுதுமுன் ஒன்று நடக்கட்டும் என்று காத்திருந்தேன். நடந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்திருந்தார்கள்.

காலையில் வந்து சாயங்காலம் போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே வெக்கை என்பதால் கொல்லையில், உன் மரத்தின் மிச்ச நிழலில் பாய் விரித்தேன். குழந்தை மல்லாந்து படுத்து உன் இலைகளைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கவேண்டும். நீ மாடியில்தான் இருந்தாய். துணி உலர்த்தினாய், பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்தாய், ரேடியோ வைத்தாய். உன் காலைக்கூட நான் பார்த்தேன். நீதான் எங்களைப் பார்க்கவில்லை. எஞ்சியிருக்கிற கிளைகள் அவ்வளவு அடர்த்தி.

தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்கள். உன் மூக்கு போயிற்று அக்கா. உன் பேத்திக்கும் உனக்கும் நடுவே ஒரு மரம், அதை நட்டவளும் நீயே.

வாலு என்ன கேட்டாள் தெரியுமா? "சித்தி, அம்மாவைப் பாத்துட்டு வரவா? பாப்பாவைத் தூக்கிட்டுப் போயி வாசல்ல நின்னா என்ன செய்வாங்க?" என்றாள்.

"உங்கம்மா வீட்டுல இல்ல. ஊருக்குப் போயிருக்கா" என்றேன்.

நம்பினாள். இரண்டு தடவை சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இது என் தாய்ச்செடிக்கு.

தங்கை


மே 11

அடுத்த வீட்டுக்காரிக்கு,

நீ மலர்க் கண்காட்சிக்கு நல்ல தொட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருப்பதாகத் தபால்காரர் சொன்னார். திரும்பி வந்ததும் இந்தக் கடிதம் உன் கதவடியில் கிடக்கும். இதைப் பிரிக்கும் முன்பே கொல்லையைப் பார்த்திருப்பாய்.

மரம் இல்லை. அடியோடு எடுத்துவிட்டேன். நாலு ஆள், இயந்திர ரம்பம், மதியத்துக்குள் முடிந்தது. நீ கேட்டது வெயில். கழித்துக் கழித்துக் கொடுப்பானேன் என்று மொத்தமாகவே கொடுத்துவிட்டேன்.

நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நீ போகும் நாளுக்காகக் காத்திருந்தேன், அதுவும் இந்த மாதத்துக்காக. கண் ஆபரேஷன் முடிந்து கட்டு பிரிக்கும்போது ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அரை இருட்டில்தான் பிரிப்போம். இருட்டுக்குப் பழகியதைத் திடீரென்று வெளிச்சத்தில் திறந்தால் தாங்காது. கண்ணுக்கு உள்ளது செடிக்கும் உண்டா என்று கன்று விற்கிறவரைக் கேட்டேன். "நிழல்ல இருந்த அடீனியத்தைக் கோடை வெயில்ல ஒரேயடியாத் திறந்தீங்கன்னா வெந்துரும்மா. வலை கட்டி மெதுவாத்தான் பழக்கணும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வலை கட்ட நீ இல்லை.

வாசலில் நின்றால் என்ன செய்வேன் என்று கேட்டாளாமே. அதை எனக்கு எழுதி அனுப்பினாய் பார், அதற்கு இது. செடிக்குச் செடி என்று நினைக்காதே.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

கிழங்குகளின் மேற்குப் பக்கம் முழுவதும் தீக்காயம் மாதிரி வெளுத்து, பிறகு கறுத்து, உள்ளே வாங்கிவிட்டது. ஒட்டுக் கட்டிய நாடாவோடு சேர்ந்து ஒட்டுகள் காய்ந்துவிட்டன. கண்காட்சிக்குக் கொண்டுபோனவை மட்டும் மிச்சம். நீ ஜெயித்தாய். அதை எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

கண்காட்சியிலிருந்து திரும்பிய அன்று நான் உடைந்துபோய் வாலுவுக்குப் போன் செய்தேன். அவள் மறுநாளே குழந்தையோடு ஓடி வந்தாள், என்னோடு சேர்ந்து செத்தவற்றைப் பிடுங்க. மரம் இல்லாத கொல்லையில் நீ மாடியிலிருந்து எங்களைப் பார்த்ததும், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், அவள் நிமிர்ந்து பார்த்து "அம்மா!" என்றதும் உனக்குத் தெரியும். நீ அங்கிருந்து கத்தினாயே, "நான் எந்த ஊருக்கும் போகலடி, அன்னைக்கும் இங்கதான் இருந்தேன். உன் சித்தி கிளைக்கு ஒரு சேதின்னு உன்னை எங்கிட்ட வித்தா!" என்று. தெருவே கேட்டது.

அதன்பிறகு அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீ பார்த்தது அதுவரைதான். என் கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன். இதற்கு விலை இல்லை.

"அம்மா சொன்னது நெசமா சித்தி?" என்றாள்.

"உங்கம்மா என் செடியையெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"நெசமான்னு கேட்டேன்."

"ஆமா."

"பாப்பா பொறந்த சேதிக்கு எத்தனை கிளை?"

நான் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"உன் வீட்டுக்கு வந்தா யாரும் என்னைப் பூட்டி வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். குழந்தையின் துணிகளைப் பையில் அடைத்தாள். அவள் கையெல்லாம் செடிப் பால், விஷம். குழந்தையைத் தொடாதே, கழுவிக்கொள் என்றேன். கழுவிக்கொண்டாள். கையைத் துடைத்துக்கொண்டே, "அவங்க வாங்கினாங்க, நீ வித்தே. ரெண்டு பேரும் ஒரே கடை" என்றாள். பின்வாசல் வழியாகப் போய்விட்டாள், உன் வீட்டைத் தாண்டவேண்டாம் என்று.

அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. வீடு தேடிப் போனேன். கதவைத் திறந்த மருமகன், "இப்ப வேணாங்க, அவளா கூப்பிடட்டும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். உள்ளே குழந்தை அழுதது. நான் படியிறங்கிவிட்டேன்.

இனி என்னிடம் உனக்கு விற்க ஒன்றுமில்லை.

தங்கை


ஜூலை 20

தங்கைக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். எத்தனை கிளை என்று அவள் கேட்டதை நீ எழுதிய இடத்தில் எனக்கு இனித்தது. "ரெண்டு பேரும்" என்ற இடத்தில் இனிக்கவில்லை.

கொல்லை இப்போது வெறும் மண்ணாகக் கிடக்கிறது. மாடியில் நின்றால் உன் சமையலறைவரை தெரிகிறது. நீ ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதைப் பார்க்கிறேன். பிள்ளை போன வீடு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் ஆகஸ்டிலேயே எழுதினேன், நீ கிழங்கைப் பற்றிக் கவலைப்பட்டாய். இப்போது தெரிகிறதா? பிள்ளை பெறாதவளுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உனக்கும் தெரிகிறது. நீ கழுவும்போது தட்டைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

நேற்று என் வீட்டுப் போன் அடித்தது. பழைய நம்பர்தான், அவளுக்கு மனப்பாடம். ரொம்ப நேரம் பேசவில்லை. நான் அழக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், அழவில்லை. சில விஷயங்கள் சொன்னாள். உன்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள். பிறகு ரிசீவரைக் குழந்தையிடம் வைத்தாள். குழந்தை மூச்சு விட்டது, எச்சிலைக் குமிழி விட்டது, அப்புறம் தெளிவாக ஒரு சொல் சொன்னது. அதன் முதல் சொல்லாம். வீட்டில் அதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

என்ன சொல் என்று நீ கேட்கவேண்டாம். உன்னைப் பற்றி அவள் சொன்னது என்ன என்றும் கேட்கவேண்டாம். கிளை கேட்க மாட்டேன், செடி கேட்க மாட்டேன். விலையே வைக்க மாட்டேன். விலை வைத்தால் நீ எப்படியாவது கொடுத்துவிடுவாய்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

நான் சுவர்ப்பக்கம் வந்து நின்றேன். நீ மாடியில் இருந்தாய், என்னைப் பார்த்தாய், உள்ளே போய்விட்டாய்.

என்னிடம் வெட்டித் தர ஒன்றும் இல்லை. பூக்கிற தொட்டி மூன்று இருக்கிறது, அதை உனக்குத் தருகிறேன் என்றால் தூக்கி எறிவாய். அவள் என்னைப் பற்றிச் சொன்னதைக்கூட விடு. அது நல்லதாக இருக்காது.

குழந்தை என்ன சொன்னாள் என்று மட்டும் சொல்.


ஜூலை 29

தங்கைக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அந்தம்மா உடம்புக்கு முடியலையா, கவரு ஒட்டக்கூட இல்ல" என்றார்.

நன்றாகக் கேட்டிருக்கிறாய். இன்னொரு தரம் கேட்டு எழுது.

அக்கா